காடு காணச் சென்றோம்

சென்ற ஆண்டில் நம் உறவினர் ஒருவர் ஆப்பிரிக்கக் கண்டத்திற்குப் பிரயாணஞ் செய்து மீண்டார். தான்சானியா நாட்டில் ஐந்து நாள் மேல்திறந்த வண்டியிலேறிச் சிங்கமும் யானையும் ஒட்டைச்சிவிங்கியும் கண்டு, ஆறாம் நாள் கிளிமஞ்சாரோ மலையில், சுமார் 2,700 மீட்டர் உயரத்திலுள்ள மண்டாரா குடில் வரை வழிகாட்டியோடு நடந்து, பொழுது சாய்வதற்குள் இறங்கி வந்தாராம். அவர் கொணர்ந்த படங்களை நம் வீட்டுக் கூடத்தில் வைத்து ஒவ்வொன்றாய்க் காட்டினார். அவ்விரவு நமக்கு உறக்கம் வரவில்லை. பகலெல்லாம் தோட்டத்துச் செக்குரோல் எழுதிய கை, இரவில் வேறொரு கணக்கை எழுதத் தொடங்கியது. விமானச் சீட்டு இவ்வளவு, வண்டிக்கும் வழிகாட்டிக்கும் இவ்வளவு, பூங்காக் கட்டணம் இவ்வளவு என்று கூட்டிப் பார்க்க, ஒரு தோட்டக் கிராணியின் ஓராண்டுச் சம்பளத்திற் பெரும்பகுதி அதில் அடங்கிற்று. ஏட்டை மூடிவிட்டோம், ஆசை மூடவில்லை.

இவ்வாசை நமக்குப் புதிதன்று. ‘சபாரி’ என்னுஞ் சொல்லை நாம் இளமையிலேயே ஆங்கில நூல்களிற் கண்டு மயங்கியவர். அச்சொல் கிழக்காப்பிரிக்காவின் சுவாகிலி மொழியிற் பிரயாணம் எனப் பொருள்படும். அம்மொழிக்கு அரபியிலிருந்து வந்தது. நம் தமிழ் முஸ்லிம் சகோதரர் கடல் கடந்து வாணிபத்திற்குச் செல்வதைச் ‘சபர்’ என்றும், செல்வோரைச் ‘சபராளி’ என்றும் வழங்குவதும் அவ்வரபிச் சொல்லே. ஒரே சொல், கீழைக் கடற்கரையிற் பிழைப்புக்குப் போவதையும், ஆப்பிரிக்கப் புல்வெளியில் விலங்கு காணப் போவதையும் குறிக்கின்றது. நம் முன்னோர் மலாயாவுக்கு வந்ததும் ஒரு சபரே. ஆனால் அவர்களுக்கு வழிகாட்டி இருந்தானில்லை, கங்காணி இருந்தான்.

நிற்க. மறுநாட் காலை, ஒரு கடிதத்தைப் படித்துக் காட்டும்படி லயத்துப் பெரியவர் ஒருவர் நம்மிடம் வந்தார். நாற்பது ஆண்டு மரம் வெட்டி ஓய்ந்தவர். அவரிடம் ஆப்பிரிக்கப் படங்களின் செய்தியைச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டிருந்து, கிழக்கே கைகாட்டி, “கிராணி ஐயா, அவ்வளவு தூரம் போறது இருக்கட்டும். எதிரே நிற்கிற இந்த மலையிலே ஏறியிருக்கிறீர்களா?” என்றார்.

இல்லை என்றோம்.

“நானும் ஏறினதில்லை. பிறந்த நாள் முதலாய்ப் பார்க்கிறேன். அது துரைமார் மலை, நமக்கு அங்கே வேலையில்லை என்று எங்கப்பன் சொல்வார். அதோடு விட்டுவிட்டேன்” என்றார்.

கமுந்திங் என்ற பெயரைக் கேட்டவுடன் இந்நாட்டார் பலருக்கு நினைவுக்கு வருவது, விசாரணையின்றி மாந்தரை அடைத்து வைத்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் தடுப்புக் காவல் முகாமே. அச்சட்டம் 2012-இல் நீக்கப்பட்டது. பெயரோ ஒரு சிறு செடியின் பெயர். இளஞ்சிவப்புப் பூவும் கருநீலக் கனியுமுடைய அச்செடியை மலாய்க்காரர் ‘கெமுந்திங்’ என்பர். நீலகிரியில் நம்மவர் தவிட்டுப்பழம் என்று பறித்துண்பதும் அதுவே. ஊருக்குக் கிழக்கே அணிவகுத்து நிற்பது லாரூட் மலைத்தொடர். பக்கத்து நகரமான தைப்பிங்கின் தலைக்குமேல் ஏறத்தாழ 1,250 மீட்டர் உயரத்தில், 1884-ஆம் ஆண்டளவில் ஆங்கில அதிகாரிகள் வெயிலுக்கு ஒதுங்கும் இடம் ஒன்றை அமைத்தனர். அதிகாரி ஒருவர் பெயரால் மேக்ஸ்வெல் மலை என வழங்கிய அவ்விடம், 1979-இல் புக்கிட் லாரூட் எனப் பெயர் மாறிற்று. கடலிலிருந்து வரும் மேகங்களை இம்மலை தடுப்பதால் ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் மழை தைப்பிங்கிற் பெய்கிறது. அம்மழையில் நனைந்தும், அம்மலையின் ஓடைநீரைக் குடித்தும் மூன்று தலைமுறை வாழ்ந்த நம் மக்களிற் பலர், அதன்மேற் கால் வைத்ததில்லை என்பதை அன்றுதான் எண்ணிப் பார்த்தோம்.

ஆப்பிரிக்கா தூரம், மலை அருகில். ஆகவே பள்ளி விடுமுறையில் தோட்டத்துப் பிள்ளைகள் பதினொருவரையும், அப்பெரியவரையும் அழைத்துக்கொண்டு, ஓரிரவு தைப்பிங் விலங்குக்காட்சிச் சாலையின் இரவுச் சபாரியும், மறுநாள் மலையேற்றமும் என முடிவு செய்தோம். இதற்கும் தடையில்லாமல் இல்லை. பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியை அனுப்ப அவள் தாயார் மறுத்தார். மலையில் முனி உண்டாம். பெண் பிள்ளை தீட்டோடு போனால் பின்னாலேயே வந்துவிடுமாம். “அம்மா, விடியுமுன் தனியே பால் மரத்திற்கு நீங்கள் நடந்தீர்களே, அப்போது எந்த முனி வந்தது? வந்ததெல்லாம் பாம்பும் கொசுவும் தண்டலின் வசவுந்தானே?” என்று கேட்டோம். அவர் நெடுநேரம் பேசாமலிருந்து, பிறகு மகளின் சப்பாத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

தைப்பிங் விலங்குக்காட்சிச் சாலை 1961-இல் ஏற்பட்டது. 2003-இல் அங்கே இரவுச் சபாரி தொடங்கிற்று. மலேசியாவில் அவ்வகையில் அதுவே முதலாவது. அதனை அடுத்த ஏரிப் பூங்காவும் பழைய ஈயச் சுரங்கக் குழிகளே; 1880களில் அக்குழிகளிற் புல்லும் மரமும் வைத்துப் பூங்காவாக்கினர். அப்பூங்காவின் தூங்குமூஞ்சி மரங்கள் தண்ணீரைத் தொடுமளவு கிளை தாழ்த்தி நிற்பதைக் கண்டு, பிள்ளைகள் வண்டியிலிருந்தே கூவினார்கள்.

இருட்டியபின் சக்கரத் தொடர்வண்டியில் ஏறினோம். மங்கலான விளக்கொளியில், முன்புறமும் கால்களும் கறுப்பும், முதுகும் பின்புறமும் வெளுப்புமாய்ப் பன்றியோ யானையோ என ஐயுறத்தக்க தப்பீர் ஒன்று தலை தூக்கிப் பார்த்தது. வண்டியில் ஆரவாரம். புலியின் அகழிப் பக்கம் வந்தபோது ஆரவாரம் தானே அடங்கிற்று. அது நம்மை நோக்கவில்லை; முன்னங்கால்களை நீட்டிப் படுத்து, இருளில் வேறெதையோ நோக்கிக்கொண்டிருந்தது. மலாயாப் புலி 2004-இல் தனி உள்ளினமாக அறிஞர்களால் வகுக்கப்பெற்றது. 1950களில் இந்நாட்டுக் காடுகளில் ஏறத்தாழ 3,000 இருந்தன என மதிப்பிடுவர். 2016 முதல் 2020 வரை நடந்த நாடளாவிய கணக்கெடுப்போ, 150-க்குங் குறைவு என்று கண்டது. நாட்டின் சின்னத்தில் இரண்டு புலிகள் நிற்கின்றன. காட்டில் நிற்பவற்றை விரைவில் விரல்விட்டு எண்ணிவிடலாம் போலும்.

இதனைப் பிள்ளைகளுக்குச் சொன்னோம். பெரியவர் நாம் சொன்னதன்மேல் ஒன்று சொன்னார்: “நாங்கள் வெட்டின மரமெல்லாம் அதன் வீட்டிலே நட்ட மரந்தான், ஐயா. விடியக்காலம் தலையிலே விளக்கைக் கட்டிக்கொண்டு போகும்போது அது காலடியைக் கண்டிருக்கிறேன். அது எங்களைத் தேடி வரவில்லை. இருந்த இடத்தைத் தேடி வந்தது.” வண்டியில் ஒலிபெருக்கி விளக்கிய செய்திகளெல்லாவற்றிலும் இதுவே நமக்கு மறவாமல் நிற்கிறது.

மறுநாட் காலை ஆறரை மணிக்கு மலையடியிற் கூடினோம். நிலச்சரிவினாற் பாதை அடைபடுங் காலங்கள் அம்மலைக்கு உண்டு. நாம் சென்றது நடப்பாருக்கு வழி திறந்திருந்த காலம். மலாய் இளைஞர் ஒருவரை வழிகாட்டியாக அமர்த்தியிருந்தோம். இப்போதுள்ள வண்டிப்பாதை 1948-ஆம் ஆண்டளவில் திறக்கப்பட்டது. அதற்கு முன் உச்சிக்குச் செல்ல விரும்பிய துரைமாரும் துரைசானிமாரும் நடந்தனர், குதிரைமேற் சென்றனர், அல்லது நாற்காலியில் அமர்ந்து, கூலியாட்கள் தோளிற் சுமக்க ஏறினர். அவர்கள் தங்கிய பங்களாக்களுக்குச் சாமான்களும் கூலியாட்களின் தோள்மேலேதான் ஏறின. வழிகாட்டி இதைச் சொல்லக் கேட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள். நாமுஞ் சிரித்தோம்.

பாதை செங்குத்தாய் எழுந்து, கொண்டையூசிபோல் திரும்பித் திரும்பிச் செல்கிறது. இருபுறமும் காடு. பத்து வளைவு கடந்ததும் ஊர் ஓசை நின்றுபோயிற்று. எங்கோ மேலே சியாமாங் என்னும் கருங்குரங்கு, குடத்தினுள் வாய் வைத்துக் கூவினாற்போற் கூவத் தொடங்கிற்று. அதன் கூட்டம் முழுவதும் சேர்ந்து மலையே அதிர்ந்தது. இருவாட்சிப் பறவையொன்று தலைக்குமேற் கடக்க, அதன் சிறகோசையை முதலிற் கேட்டுப் பின்னரே பறவையைக் கண்டோம். அட்டைகள் ஏறின. பெரியவர் இடுப்பிலிருந்து ஒரு சிறு புட்டியை எடுத்துப் புகையிலை ஊறிய தண்ணீரைப் பிள்ளைகளின் கணுக்காலிற் பூசிவிட்டார். வழிகாட்டி இளைஞர் அதனைக் கேட்டு வாங்கித் தாமும் பூசிக்கொண்டார்.

நாம் தூரதிருஷ்டிக் கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முன்னே நடந்தோம். பறவையின் பெயரையும் மரத்தின் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே நடந்தோம். சுகமான நடை. ஒரு மணி நேரம் சென்றிருக்கும். அச்சிறுமி நம் அருகில் வந்து, “ஐயா, தாத்தா மட்டும் ஏன் எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு வர்றாங்க?” என்று கேட்டாள்.

திரும்பிப் பார்த்தோம். பெரியவர் கடைசியில் வந்துகொண்டிருந்தார். தம் பழைய காண்டாக் கம்பை வீட்டிலிருந்து கொணர்ந்திருக்கிறார். பால் வாளிகள் தொங்கிய அக்கம்பின் இருமுனையிலும், இப்போது பதின்மூவருக்குச் சோற்றுப் பொட்டலங்களும் தண்ணீர்ப் புட்டிகளும் இரண்டு பைகளில் தொங்கின. எழுபது கடந்த தோள்; கம்பு பதிந்த தழும்பு மேலேயே கம்பு. யாரும் அவரைத் தூக்கச் சொல்லவில்லை. மலையடியில் அவர் தூக்கினார், நாம் பார்த்தோம், பார்த்தும் நமக்கு ஒன்றும் தோன்றவில்லை. இஃதே நாம் இங்கு ஒப்புக்கொள்ள வேண்டிய குற்றம்.

“பழக்கந்தான் அம்மா. வெறுங்கையாய் நடந்தால் எனக்குக் காலே போகாது” என்று அவர் சிரித்தார்.

நமக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளி நாளில் நாம் விரும்பிப் படித்த ஆங்கில நூலொன்று அவ்விடத்தில் நினைவில் எழுந்தது. பாட்டர்சன் என்னும் துரை 1907-இல் வெளியிட்ட, சாவோவின் ஆட்கொல்லிச் சிங்கங்களைப் பற்றிய நூல் அது. ஆங்கிலேயர் 1896 முதல் 1901 வரை கென்யாவின் மொம்பாசாத் துறையிலிருந்து விக்டோரியா ஏரிக்கு இருப்புப்பாதை போட்டனர். அதற்கு இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாப் மாகாணத்திலிருந்து, ஏறத்தாழ 32,000 தொழிலாளரைக் கப்பலேற்றினர்; அவர்களில் ஏறத்தாழ 2,500 பேர் மாண்டனர். 1898-இல் சாவோ ஆற்றுப் பாலத்தருகில் இரண்டு சிங்கங்கள் இரவுதோறும் கூடாரங்களில் நுழைந்து தொழிலாளரை இழுத்துச் சென்றன. பாட்டர்சன் அவற்றைச் சுட்டுக் கொன்றார். இந்தியத் தொழிலாளர் 28 பேர் இரையாயினர் என்றும், இரையான ஆப்பிரிக்கருக்கு அரசாங்கக் கணக்கே வைக்கப்படவில்லை என்றும் அவரே எழுதியிருக்கிறார். அச்சிங்கங்கள் இன்றும் பஞ்சடைத்த உடலோடு சிக்காகோ நகரப் பொருட்காட்சிச் சாலையில் நிற்கின்றன. சாவோ 1948-இல் தேசியப் பூங்காவாயிற்று; உலகெங்குமிருந்து மக்கள் அங்கே சபாரி செல்கின்றனர்.

அந்நூலை நாம் எத்தனையோ முறை படித்திருக்கிறோம். படித்தபோதெல்லாம் மரத்தின்மேல் துப்பாக்கியோடு காத்திருந்த துரையின் இடத்தில் நம்மை வைத்தே படித்தோம். கீழே கூடாரத்திற் கண் மூடாமற் கிடந்த கூலியாளின் இடத்தில் ஒருமுறையேனும் வைத்துப் பார்த்தோமில்லை. நம் பாட்டனார் கப்பலேறிய துறை வேறு, கூடாரம் வேறன்று. கல்வி நம் கண்ணைத் திறந்தது என்று நாம் நம்பியிருந்தோம். எவருடைய கண்ணை வாங்கிக்கொண்டு பார்த்தோம் என்பது, ஒரு சிறுமி கேட்ட பின்னரே விளங்கிற்று.

பைகளை அவிழ்த்தோம். தத்தம் சோற்றையும் தண்ணீரையும் ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்டனர். பெரியவர் பங்கை நாம் எடுத்துக்கொண்டோம். கிளிமஞ்சாரோவிற் சுமையாளர் 20 கிலோவுக்கு மேற் சுமக்கலாகாது என்று விதி செய்திருப்பதாக நம் உறவினர் சொல்லியிருந்தார். அவ்விதி வேண்டியதே. ஆயினும் தன் தண்ணீரைத் தான் சுமப்பதற்கு எந்த அரசாங்கமும் விதி செய்ய வேண்டுவதில்லை. தூரதிருஷ்டிக் கண்ணாடியைப் பெரியவர் கழுத்தில் மாட்டினோம். அவர் வெட்கத்தோடு அதைக் கண்ணில் வைத்து, நெடுநேரம் காட்டைப் பார்த்தார். காண்டாக் கம்பு ஊன்றுகோலாயிற்று.

தேயிலைத் தோட்ட வீடு எனப்படும் பாதிவழித் தங்கலை அடைந்து உணவருந்தினோம். பெயரில் மட்டும் தேயிலை உண்டு. ஒரு காலத்தில் அங்கே இருந்த தோட்டத்தைக் காடு மீட்டுக்கொண்டுவிட்டது. அதற்கு மேலும் சில வளைவுகள் ஏறியபோது, மரங்கள் விலகி மேற்றிசை முழுதும் திறந்தது. ஏரிகள் கண்ணாடிச் சில்லுகள் போற் கிடந்தன. அவற்றிற்கப்பால் தைப்பிங் நகரம். அதற்கப்பால் சதுப்பு நிலக் காடும் மலாக்கா நீரிணையும். வலப்புறத்தே கமுந்திங்கின் கூரைகளையும், செம்பனைத் தோட்டங்களின் கட்டம் போட்ட பச்சையையும் வழிகாட்டி காட்டினார். “நம் லயம் எங்கே?” என்று பிள்ளைகள் தேடினார்கள். பெரியவர்தான் முதலிற் கண்டார். தீப்பெட்டிகளை வரிசையாய் வைத்தாற்போல் இருந்தது. “இவ்வளவுதானா!” என்று ஒரு முறை சொன்னார். பிறகு வேறொன்றும் சொல்லவில்லை. தம் வாழ்நாள் முழுவதும் அடங்கிய இடத்தை மேலிருந்து ஒரே பார்வையிற் காண்பது அவருக்கு அதுவே முதல்முறை. துரைமார் அதைத் தினமும் கண்டிருப்பர்.

உச்சியை நாம் அடைந்தோமில்லை. பகல் ஒரு மணிக்கே மேகம் இறங்கி, இரண்டடிக்கு அப்பால் ஒன்றுந் தெரியவில்லை. பின்னர் மழை. வழிகாட்டி சொற்படி திரும்பினோம். மழையோடு மழையாய் இறங்கி வருகையில், பேரா மாநிலத்தின் நினைவுப் பலகைகளைப் பற்றி எண்ணிக்கொண்டு வந்தோம். 1877-இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் மரங்களில் எஞ்சி நிற்கும் ஒன்றிற்கு வேலியும் பலகையும் உண்டு. தெலுக் இந்தானுக்கு அருகே, 1894-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள், தன் கூட்டத்தைக் காக்கப் புகைவண்டியை எதிர்த்து மோதித் தடம்புரளச் செய்து உயிர் நீத்த காட்டுயானைக்கும் பலகை உண்டு. இரண்டும் தக்கனவே, அவ்யானையின் வீரத்தை யாம் வணங்குகிறோம். ஆனால் அம்மரத்தின் வழிவந்த கோடானுகோடி மரங்களைச் சீவியவர்க்கும், இம்மலைமேல் நாற்காலி சுமந்தவர்க்கும் பெயர் தாங்கிய கல் ஒன்றையும் நாம் கண்டதில்லை.

கல் நடுவது பிறர் கையில் இருக்கலாம். நம் கையில் இருப்பவை வேறு. விடுமுறை வந்தால் பிள்ளைகளைத் தொலைக்காட்சிப் பெட்டிக்கும், தகப்பன்மாரைச் சாராயக் கடைக்கும் விட்டுவிடாமல், கண்ணெதிரே நிற்கும் மலைக்கும் காட்டுக்கும் அழைத்துச் செல்லலாம். பெண் பிள்ளைகளை முனியின் பெயராற் பூட்டி வைக்காதிருக்கலாம். காட்டை அறிந்த முதியோர் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டறியலாம், எழுதி வைக்கலாம். புலிக்கு எஞ்சிய காட்டை இனியும் வெட்டாதிருக்கக் குரல் கொடுக்கலாம். அதன் வீட்டில் வாழ்ந்து பிழைத்தவர்க்கு அக்கடன் உண்டு. ஆப்பிரிக்காவுக்குச் செல்ல வசதியுடையார் செல்லுக. சென்ற இடத்தில் விலங்கைக் காணும் கண்ணால், தம் மூட்டையைச் சுமந்து பின்னால் வருபவரையும் ஒருமுறை திரும்பிக் காண்க.

மலையடியில் வந்து சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. சிறுமியின் சப்பாத்து ஒன்று வாய் பிளந்து போயிருந்தது. அவள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு, பெரியவரைப் பார்த்து, “தாத்தா, அடுத்த தடவை உச்சிக்குப் போவோமா?” என்றாள்.

“போவோம் அம்மா. கம்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறேன்” என்றார் அவர்.